முதல் கொடுவா பயணத்துக்கு எந்த ராடு, எந்த ரீல், எந்த லைன்?

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கம் தூண்டில் போடுகிறவர்களில் பெரும்பாலோர் கண்மாயில் பழகியவர்கள். விரால், கெண்டை, ஜிலேபி என்று கை பழகிய பிறகு, கடல் பக்கம் போய் ஒரு கொடுவா பிடித்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசை வருகிறது. தொண்டி, மீமிசல், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் எல்லாமே காலையில் கிளம்பி இருட்டுவதற்குள் திரும்பிவிடக்கூடிய தூரம்தான். குழப்பம் கடைக்குப் போகும்போது தொடங்குகிறது. ஒருவர் ஒன்பதடி ராடு வாங்கச் சொல்கிறார், இன்னொருவர் பெய்ட்காஸ்டர் (கட்டை விரலால் கட்டுப்படுத்தி வீசும் ரீல்) இல்லாமல் கொடுவாவே இல்லை என்கிறார், கையில் நைலான் நரம்போடு கரையில் இருக்கும் பெரியவரோ “தங்கூஸ் போதுமே தம்பி, இதெல்லாம் எதுக்கு?” என்கிறார். மூவர் சொல்வதும் அவரவர் நின்ற இடத்தில் சரி. நீங்கள் எங்கே நிற்கப் போகிறீர்கள் என்பதை வைத்துத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

ஆஸ்திரேலியாவின் பாரமுண்டியும், மலேசியாவின் சியாகாப்பும், நம் கொடுவாவும் ஒரே மீன்தான். அதனால் அந்த ஊர்க் காணொளிகளில் பார்க்கும் முடிச்சும் இழுக்கும் முறையும் நமக்கும் பொருந்தும். கருவி மட்டும் அப்படியே பொருந்தாது. அவர்கள் பெரும்பாலும் மோட்டார் படகிலிருந்து கரையோர வேரை நோக்கி வீசுகிறார்கள். நம்மில் பலர் கரையில் நின்று தண்ணீரை நோக்கி வீசுகிறோம்.

## எதை வைத்து முடிவு செய்வது

முதலில் மீனின் குணம். கொடுவா ஒளிந்திருந்து பாயும் மீன். அலையாத்தி வேர், பாலத் தூண், மதகு வாய், மூழ்கிய மரம் இவற்றின் ஓரத்தில் நின்று, நீரோட்டம் கொண்டுவரும் மடவைக் குஞ்சையும் இறாலையும் வாயைத் திறந்து உறிஞ்சி விழுங்கும். தூண்டிலில் மாட்டியதும் வந்த இடத்துக்கே ஓடப் பார்க்கும். முதல் சில வினாடிகளில் அதைத் திருப்பாவிட்டால் லைன் வேரில் சுற்றிக்கொள்ளும். அதனால் ராடின் அடிப்பாகத்தில் பலம் வேண்டும்.

இரண்டாவது, அதன் வாய். பல் என்று பெரிதாக இல்லை. ஆனால் தாடை முழுவதும் உப்புத்தாள் போல் சொரசொரப்பு. செவுள் மூடியின் விளிம்பு கத்தி. மெல்லிய லைன் அங்கே உரசினால் அறுந்துவிடும். மூன்றாவது, துள்ளல். தண்ணீருக்கு மேலே வந்து தலையை உதறி முள்ளைக் கழற்றிப் போடும்.

அடுத்து உங்கள் பக்கத்துக் கேள்விகள். கரையா, நாட்டுப்படகா? உயிர் இறாலா, லூர் என்கிற செயற்கை இரையா? பயிற்சிக்கு எத்தனை மாலைகள் ஒதுக்க முடியும்? பேருந்தில் போகிறீர்களா, சொந்த வண்டியிலா? திரும்பி வந்ததும் உப்பைக் கழுவி வைக்கும் பொறுமை உண்டா? இந்தக் கடைசிக் கேள்வியைக் கடையில் யாரும் கேட்பதில்லை. ரீலின் ஆயுளைத் தீர்மானிப்பது அதுதான்.

## ஏற்கெனவே விரால் ராடு இருந்தால்

தவளை லூர் போட்டு விரால் பிடிப்பவர்களிடம் ஆறரை, ஏழடியில் விறைப்பான ராடும், அதில் 40 பவுண்டு எடை தாங்கும் பிரெய்டும் (பின்னல் லைன்) இருக்கும். பாசிக்குள்ளிருந்து விராலை இழுத்தெடுக்கச் செய்த அந்த ராடு, வேருக்குள்ளிருந்து கொடுவாவை இழுக்கவும் போதும். புது ராடு வாங்க வேண்டியதில்லை. மூன்று விஷயங்களை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, விராலுக்குப் பிரெய்டை நேரடியாக லூரில் கட்டியிருப்பீர்கள். கொடுவாவுக்கு அது ஆகாது, லீடர் (நுனியில் கட்டும் தடித்த லைன் துண்டு) கட்டாயம். இரண்டு, விராலுக்கு டிராக்கை (மீன் இழுக்கும்போது லைனை விட்டுக்கொடுக்கும் ரீல் பிரேக்கை) முழுக்க இறுக்கி வைக்கும் பழக்கம் இருக்கும். கொடுவா ஓட்டத்துக்கு அதைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். மூன்று, ரீல் இதுவரை உப்புத் தண்ணீரையே பார்த்திருக்காது. விலை குறைந்த ரீலின் பேரிங்குகள் ஒரே நாள் கவனக்குறைவில் கரகரக்க ஆரம்பித்துவிடும்.

## ராடு: குட்டையா, நீளமா, மடக்குவதா

ஆறரை முதல் ஏழடி. படகிலும், வாய்க்கால் ஓரத்திலும், பாலத்தடியிலும் இதுதான் வசதி. குறி பார்த்து வீசலாம், மீனை வேரிலிருந்து திருப்பும்போது பலம் கையில் நிற்கும். ராடின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள்: மீடியம் ஹெவி (நடுத்தரத்தைவிடச் சற்று விறைப்பு), லைன் 12 முதல் 25 பவுண்டு வரை, இரை எடை 10 முதல் 30 கிராம் வரை என்பதை ஒட்டி இருந்தால் சரி. தலைக்கு மேல் கிளை கவிந்த இடங்களில் இதைவிட நீளமான ராடு தொல்லை.

எட்டு முதல் ஒன்பதடி. திறந்த கரை, முகத்துவார மணல்திட்டு, கல் போட்ட தடுப்புச் சுவர் ஆகிய இடங்களில் இது முந்தும். தூரம் போகும், சிற்றலைக்கு மேலே லைனைத் தூக்கிப் பிடிக்கும். ஆனால் நாள் முழுக்க லூர் வீசினால் தோள் வலிக்கும். பாக் விரிகுடாக் கரை ஆழமில்லாதது. பல இடங்களில் நெடுந்தூரம் போனாலும் முழங்கால் தண்ணீர்தான். அங்கே நீள ராடால் இரையைத் தூரத்தில் போட்டாலும் அதே ஆழமில்லாத தண்ணீரில்தான் விழும். கொடுவா நிற்பது ஓடை வெட்டிய பள்ளத்திலும் முகத்துவாரத்து நீரோட்ட விளிம்பிலும்தான். அந்தப் பள்ளத்தைத் தேடி நடந்து போவது, இன்னும் இரண்டடி நீளமான ராடைவிடப் பலன் தரும் என்பது என் கருத்து.

மடக்கு ராடு. எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும், விலையும் குறைவு, பைக்குள் அடங்கும். கண்மாய்க் கெண்டைக்குச் சரி. கொடுவாவுக்கு நான் சொல்ல மாட்டேன். துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இடத்தில் மணலும் உப்பும் ஏறி இறுகிக்கொள்ளும். வளையங்கள் திரும்பிவிடும். நுனி மட்டும் வளைந்து, அடிப்பாகம் பாரத்தைத் தாங்காமல் விரிசல் விடும்.

ஏழடி என்பது சுமார் 213 சென்டிமீட்டர். ஒரே துண்டாக இருந்தால் தொண்டிப் பேருந்தில் ஏற்றுவதே பெரும்பாடு. இரண்டு துண்டு ராடு 107 சென்டிமீட்டரில் அடங்கிவிடும். நடுவில் சேர்த்த ராடு பலவீனமானது என்ற பயம் வேண்டாம். இணைப்பு இறுகப் பொருந்தியிருக்கிறதா என்று வீசும் இடைவெளிகளில் தொட்டுப் பார்த்துக்கொண்டால் போதும்.

கார்பனா, ஃபைபரா? கார்பன் எடை குறைவு, மெல்லிய கடியும் கையில் தெரியும், ஆனால் படகு விளிம்பில் இடித்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்து பிறகு ஒரு நாள் ஒடியும். ஃபைபர் கனம், ஆனால் அடி தாங்கும். லூர் வீசுகிறவருக்குக் கார்பன், உயிர் இரை போட்டுக் காத்திருப்பவருக்கு ஃபைபர் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு எச்சரிக்கை: கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். மின்கம்பிக்கு அடியில் வீசாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் இடி கேட்டால் ராடைக் கீழே வைத்துவிட்டு ஒதுங்குங்கள்.

## ரீல்: மூன்று வழிகள்

| | கைத்தூண்டில் | ஸ்பின்னிங் ரீல் | பெய்ட்காஸ்டர் |
|---|---|---|---|
| வாங்கும் செலவு | மிகக் குறைவு | நடுத்தரம் | நல்லது வேண்டுமானால் அதிகம் |
| பழகும் காலம் | உடனே வீசலாம், பெரிய மீனை அடக்கத்தான் அனுபவம் வேண்டும் | ஒரு மாலை | சில வாரங்கள் |
| எடை குறைந்த இரை | போடலாம், தூரம் போகாது | நன்றாகப் போகும் | சிக்கல் விழும் |
| எதிர்க்காற்று | சிரமம் | சமாளிக்கலாம் | புதியவருக்குக் கடினம் |
| குறி தவறாமை | குறைவு | போதுமானது | மிக நன்று |
| மறைந்த செலவு | விரல் வெட்டு | லைன் முறுக்கு | சிக்கி வெட்டி எறியும் பிரெய்டு |
| சிறந்த இடம் | நங்கூரமிட்ட நாட்டுப்படகு | கரை, படகு, குளம் எல்லாம் | படகிலிருந்து வேர் ஓரம் |

கைத்தூண்டிலைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். கனத்த தங்கூஸும் உயிர் மடவையும் வைத்து, நீரோட்டம் தெரிந்த ஒருவர் படகிலிருந்து பிடிக்கும் கொடுவாவை விலையுயர்ந்த ரீலோடு நிற்பவர் பார்த்துக்கொண்டுதான் நிற்க வேண்டியிருக்கும். படகுக்காரரே கூட இருந்து சொல்லித்தருவதாக இருந்தால், கையுறை ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு இதிலேயே தொடங்கலாம். தனியாகக் கரையிலிருந்து பழக நினைப்பவருக்கு இது வழியல்ல.

பெய்ட்காஸ்டர் கொடுவாவுக்குப் பொருத்தமான கருவி என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. கட்டை விரலால் ஸ்பூலை (லைன் சுற்றியிருக்கும் உருளையை) அழுத்தி, லூரைக் கிளைக்கு அடியில் ஒரு சாண் இடைவெளியில் இறக்கலாம். இழுக்கும் பலமும் நேராக வரும். ஆனால் லூர் வேகம் குறையும்போது ஸ்பூல் வேகம் குறையாவிட்டால் லைன் பந்தாகச் சுற்றிக்கொள்ளும். புதியவர், மதியத்துக்கு மேல் வீசும் கடல்காற்று, எடை குறைந்த இரை மூன்றும் சேர்ந்தால் பாதி நாள் சிக்கெடுப்பதில் போய்விடும். நீர் திரும்பி மீன் கடிக்கும் நேரமோ ஒரு மணி, இரண்டு மணிதான். அந்த நேரத்தில் குனிந்து சிக்கெடுத்துக்கொண்டிருப்பதற்காக யாரும் தொண்டி வரை போவதில்லை. வீட்டுக்குப் பக்கத்துப் பொட்டலில், முள் இல்லாத 20 கிராம் ஈயக்குண்டைக் கட்டிச் சில வாரம் பழகியவர் தாராளமாக இதை எடுக்கட்டும்.

மற்ற எல்லோருக்கும் 3000 அல்லது 4000 அளவு ஸ்பின்னிங் ரீல் (வீசும்போது ஸ்பூல் சுற்றாத வகை). இந்த அளவு எண் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறலாம் என்பதால் எண்ணை மட்டும் நம்பாமல், 30 பவுண்டு பிரெய்டு 150 மீட்டர் பிடிக்குமா என்று கேளுங்கள். பேரிங் எத்தனை என்று பெட்டியில் பெரிதாக எழுதியிருப்பதைப் பொருட்படுத்த வேண்டாம். டிராக்கைத் தளர்த்தி லைனைக் கையால் இழுத்துப் பாருங்கள். வெட்டி வெட்டி வராமல் ஒரே சீராக வந்தால் அது நல்ல ரீல். கொடுவா முதல் பாய்ச்சல் பாயும்போது உதவுவது அந்தச் சீர்தான்.

டிராக்கை எவ்வளவு வைப்பது? லைன் பலத்தில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை. 30 பவுண்டு என்பது சுமார் 13.6 கிலோ. ஆக மூன்றரை முதல் நாலரை கிலோ. பெட்டி எடை பார்க்கும் தொங்கு தராசை லைனில் மாட்டி இழுத்து வீட்டிலேயே வைத்துவிடலாம். அங்கே போய்க் கையால் குத்துமதிப்பாக இறுக்குவதைவிட இது மேல்.

## லைன்: தங்கூஸா, பிரெய்டா

தங்கூஸ் மலிவு. முடிச்சு எளிது. இழுத்தால் நீளும், அதனால் மீன் துள்ளும்போது அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். உயிர் இரை போட்டுக் காத்திருக்கும் ஒருவருக்கு இது குறையே இல்லை. ஆனால் 30 பவுண்டு தங்கூஸின் தடிமன் சுமார் அரை மில்லிமீட்டர். அந்தத் தடிமனில் சின்ன ரீலில் போதிய நீளம் ஏறாது, லூர் தூரம் போகாது. நீளும் குணமே, தூரத்தில் கடிக்கும் மீனின் வாயில் முள்ளை அழுத்திப் பதிக்கத் தடையாகவும் ஆகிறது. நம் ஊர் வெயிலில் ஜன்னலோரம் கிடந்தால் பலமும் போய்விடும். ஆண்டுக்கு ஒரு முறையாவது மாற்ற வேண்டும்.

பிரெய்டு அதே பலத்துக்கு ஏறத்தாழ பாதி தடிமன். நீளாது. கடி உடனே தெரியும், முள் உடனே பதியும். விலை அதிகம் என்றாலும் சில ஆண்டுகள் வரும். ஒரு பக்கம் தேய்ந்ததும் தலைகீழாகச் சுற்றி மறுபக்கத்தைப் பயன்படுத்தலாம். குறைகளும் உண்டு. சிப்பியிலும் கல்லிலும் உரசினால் சட்டென்று அறும். நீளாததால் மீன் துள்ளும்போது ராடை இறக்கிக் கொடுக்கத் தெரிய வேண்டும். வெறும் ஸ்பூலில் நேரடியாகச் சுற்றினால் மொத்தமாக வழுக்கும். முதலில் கொஞ்சம் தங்கூஸ் சுற்றி அதன் மேல் பிரெய்டைச் சுற்ற வேண்டும். நான்கு இழை மலிவு, சற்றுச் சொரசொரப்பு. எட்டு இழை வழவழப்பு, தூரம் போகும். முதல் முறைக்கு நான்கு இழையே போதும்.

லூர் வீசப் போகிறீர்கள் என்றால் 30 பவுண்டு பிரெய்டு 150 மீட்டர் வாங்குங்கள். விலை மிகக் குறைந்த பிரெய்டில் பெட்டியில் போட்டிருக்கும் பவுண்டுக்கும் உண்மைக்கும் தொடர்பு இருக்காது. தடிமனைப் பாருங்கள்.

## கடைசி ஒரு மீட்டர்

ராடையும் ரீலையும் பற்றி எவ்வளவு பேசினாலும், புதியவர் கையை விட்டுக் கொடுவா போவது பெரும்பாலும் லீடரிலும் முடிச்சிலும் முள்ளிலும்தான். பணம் குறைவாக இருந்தால் ராடில் குறையுங்கள், இங்கே குறைக்காதீர்கள்.

லீடர் என்பது பிரெய்டின் நுனியில் கட்டும் தடித்த துண்டு. 40 முதல் 60 பவுண்டு வரை, நீளம் ஒரு மீட்டர். ஃப்ளோரோகார்பன்தான் வேண்டும், தண்ணீரில் தெரியாது என்று விற்பார்கள். நம் முகத்துவாரத் தண்ணீர் பெரும்பாலும் கலங்கல், தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன? ஃப்ளோரோகார்பன் உரசலைக் கூடுதலாகத் தாங்கும் என்பது உண்மை. ஆனால் 50 பவுண்டு நல்ல தங்கூஸை லீடராகக் கட்டி, ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் நகத்தால் தடவிப் பார்த்து, சொரசொரப்பு தெரிந்தால் வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டுகிறவருக்கு அந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. விலையோ சில மடங்கு குறைவு. மேல்மட்டத்தில் மிதக்கும் லூருக்குத் தங்கூஸ்தான் நல்லது, ஃப்ளோரோகார்பன் மூழ்கி லூரின் மூக்கைக் கீழே இழுக்கும்.

பிரெய்டையும் லீடரையும் இணைக்கும் முடிச்சுகளில் எஃப்ஜி என்ற வகை மெல்லியது, வளையங்களில் தடையில்லாமல் போகும், ஆனால் காற்றில் நின்று கட்டுவது கடினம். டபுள் யூனி தடிமன், ஆனால் யாரும் பழகலாம். முதல் பயணத்துக்கு டபுள் யூனி. வீட்டில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு கட்டும் அளவுக்குப் பழகுங்கள். கட்டும்போது எச்சில் தொட்டு மெதுவாக இறுக்க வேண்டும். லூர் பக்கத்தில் வளைய முடிச்சு போட்டால் அது உயிருள்ளதுபோல் ஆடும்.

மலிவு லூரோடு வரும் மூன்று முனை முள்ளைக் கொடுவா நசுக்கிவிடும், அல்லது நேராக்கிவிடும். லூரை விட்டுவிட்டு முள்ளையும் இணைப்பு வளையத்தையும் மாற்றினாலே பாதிக் கவலை தீரும். முள் மழுங்கியிருக்கிறதா என்று நகத்தின் மேல் இழுத்துப் பாருங்கள், வழுக்கினால் அது மழுங்கிய முள்.

## விலைச்சீட்டில் இல்லாதவை

குறடும் தாடைப் பிடியும் முதலில். செவுள் மூடிக்குள் கை விட்டால் கட்டுப்போட வேண்டியதுதான். தாடைப் பிடி இல்லையென்றால் தடித்த ஈரத் துணியால் கீழ்த்தாடையைப் பிடிக்கலாம்.

அப்புறம் கழுவுதல். திரும்பி வந்த அன்றே, டிராக்கை இறுக்கி மூடிவிட்டு, நல்ல தண்ணீரை மெல்லத் தெளித்துக் கழுவ வேண்டும். வேகமாகப் பீய்ச்சினால் உப்பு உள்ளே போகும். துடைத்து நிழலில் உலர்த்தி, டிராக்கைத் தளர்த்தி வைக்க வேண்டும். இதற்கு அரை மணி நேரம் ஒதுக்க முடியாதவர் விலையுயர்ந்த ரீல் வாங்குவது வீண்.

வெட்டிய லைன் துண்டுகளைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைத் தமிழ்நாடு அரசு 2022இல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. நம் மீனவர்கள் ஆவுளியா என்று அழைக்கும் அந்த உயிரினம் மேயும் கடற்புல்லில்தான் நாம் வீசி எறியும் பிரெய்டும் போய்ச் சிக்கும். அது மக்காது.

கருவியின் பலத்துக்கும் மீனின் நலத்துக்கும் தொடர்பு உண்டு. கொடுவாக்கள் பெரும்பாலும் ஆணாகப் பிறந்து, வளர்ந்த பிறகு பெண்ணாக மாறுபவை. ஆகவே மிகப் பெரிய மீன் என்றால் அது முட்டையிடும் பெண்ணாகத்தான் இருக்கும். மெல்லிய லைனில் அரை மணி இழுத்துக் களைக்கவைத்து விட்டால் அது பிழைப்பது கடினம். பலமான கருவியில் விரைவாகக் கொண்டுவந்து, ஈரக் கையால் பிடித்து, படம் எடுத்துவிட்டுத் திருப்பி விடலாம்.

## யாருக்கு எது

கரையிலிருந்தும் எப்போதாவது படகிலும் பிடிக்கப் போகும் புதியவர்: ஏழடி, இரண்டு துண்டு, மீடியம் ஹெவி ஸ்பின்னிங் ராடு. 4000 ரீல். 30 பவுண்டு பிரெய்டு, 50 பவுண்டு தங்கூஸ் லீடர். கையில் 6,000 ரூபாய் இருந்தால் நான் பிரிக்கும் விதம்: ரீலுக்கு 2,500, ராடுக்கு 1,500, பிரெய்டுக்கு 800, லீடர், முள், குறடுக்கு 700, மீதி 500க்கு இரண்டே லூர். பத்து லூர் வாங்கும் ஆசையை அடக்குங்கள். பத்து சென்டிமீட்டர் நீந்தும் லூர் ஒன்று, ரப்பர் மீன் ஒன்று, அவ்வளவுதான். பக்கத்தில் உயிர் இறால் கிடைக்கிறதா என்று விசாரித்து வையுங்கள்.

விரால் ராடு வைத்திருப்பவர்: லீடரும் முள்ளும் மட்டும்.

உயிர் இரைதான், படகுக்காரர் துணை உண்டு என்பவர்: கைத்தூண்டில், அல்லது ஃபைபர் ராடும் தங்கூஸும்.

மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகும்போது கட்டணக் குளத்தில் பிடிக்க நினைப்பவர்: இங்கிருந்து எதுவும் சுமக்க வேண்டாம். வேரும் தூணும் இல்லாத குளத்தில் 20 பவுண்டு பிரெய்டே போதும், பல இடங்களில் ராடு வாடகைக்கே கிடைக்கும். எந்த முள், எந்த இரை அனுமதி என்பது குளத்துக்குக் குளம் மாறும், கேட்டுவிட்டுப் போடுங்கள்.

ஆஸ்திரேலியாவின் டார்வின் பக்கம் போகிறவருக்குத்தான் பெய்ட்காஸ்டர் உண்மையிலேயே பொருந்தும். அங்கே மழைக்காலம் முடிந்து ஆற்றுநீர் வடியும் மாதங்களில் படகிலிருந்து ஓடை வாய்களில் வீசுவார்கள். டார்வின் இருக்கும் வடக்குப் பிராந்தியத்தில் 55 சென்டிமீட்டருக்குக் குறைந்த பாரமுண்டியை வைத்துக்கொள்ளக் கூடாது. நான்கு துண்டு பயண ராடு பெட்டிக்குள் அடங்கும். கண்மாயில் பயன்படுத்திய ரீலையும் லூரையும் எடுத்துப் போனால் மண், பாசி ஒட்டாமல் கழுவி, ஆஸ்திரேலிய விமான நிலையத்தில் இறங்கும்போது படிவத்தில் குறிப்பிட்டுக் காட்டிவிடுங்கள். வழிகாட்டியோடு போகிற பயணம் என்றால் கருவி அவரே தருவாரா என்று முன்பதிவின்போதே கேளுங்கள். தருவார் என்றால் ராடே வாங்காமல் போகலாம்.